குணம் தாங்கிய பெயர்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ப்புறச் சாரலில், எலுமிச்சைச் சந்தையால் நாடறிந்த ஊர் புளியங்குடி. புளிய மரமும் குடியும் சேர்ந்து ஊருக்குப் பெயராயின. அவ்வூருக்கும் அதன் கிழக்கே உள்ள சங்கரன்கோவிலுக்கும் இடைப்பட்ட ஊர்களில் பெண் மக்களுள் கோமதி என்னும் பெயரும், ஆண் மக்களுள் சங்கரன், சங்கரநாராயணன் என்னும் பெயர்களும் மிகுதி. அவை சங்கரன்கோவில் திருக்கோயிலில் எழுந்தருளியுள்ள தெய்வங்களின் பெயர்கள். ஒரு நிலத்தில் வாழும் மக்கள் தாம் வணங்கும் பொருளின் பெயரைத் தம் குழந்தைகளுக்குச் சூட்டி, நாளெல்லாம் வாயார அழைப்பது தமிழ்நாட்டின் பழைய வழக்கம்.

அதே நிலத்தில், சங்கரன்கோவிலுக்கும் கிழக்கே கழுகுமலை நிற்கிறது. அம்மலையின் பாறைச் சரிவில் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் வேறு சில பெயர்கள் வட்டெழுத்தில் வெட்டப்பட்டன. அவை அருகப் பெருமானை வழிபட்ட ஆசாரியர்களின், குரத்தியரின், இல்லறத்தாரின் பெயர்கள். அவர்கள் கட்டிய வீடுகள் இன்றில்லை. அவர்கள் உழுத வயல்கள் எவை என்றும் தெரியாது. அவர்களுடைய வழித்தோன்றல்கள் யாவர் எனக் காட்டும் ஏடும் இல்லை. எஞ்சியவை திருமேனிகளும் அவற்றின்கீழ் உள்ள பெயர்களுமே. குழந்தைக்குப் பெயரிடுதல் சிறு செயலன்று என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டியதில்லை.

இன்று தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பெரும்பாலும் வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம், ஆரணி, காஞ்சிபுரம் ஆகிய வட்டாரங்களிலும், தொழிலும் கல்வியும் அழைத்த நகரங்களிலும் வாழ்கின்றன. வீட்டில் குழந்தை பிறந்ததும் பாட்டனார் ஒரு பெயரைச் சொல்ல, தாய் வேறொன்றை விரும்ப, எண் கணிதம் பார்ப்பவர் மூன்றாவது ஒன்றை எழுதித் தருவது பல இல்லங்களில் காணும் காட்சி. அவ்வேளையில் நம் முன்னோர் எவ்வாறு பெயரிட்டனர் என்பதை அறிந்திருத்தல் நலம் பயக்கும்.

வெண்காசிபனும் இளங்கௌதமனும்

திருநெல்வேலிக்கு அருகே, சீவலப்பேரியை அடுத்துள்ளது மறுகால்தலை. அங்குள்ள குன்றின் குகைத்தளத்தில் துறவியர் தங்குவதற்கென வெட்டப்பட்ட கற்படுக்கை உண்டு. அதன்மேல் உள்ள ஒரே வரியிலான பழந்தமிழ்க் கல்வெட்டு 1906இல் கண்டறியப்பட்டது. கிறித்துவின் காலத்திற்கு முற்பட்டதென அறிஞர் கருதும் அக்கல்வெட்டு, படுக்கையைச் செய்வித்துக் கொடுத்தவனின் பெயரை வெண்காசிபன் என்று கூறுகிறது.

இப்பெயரின் அமைப்பை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ‘காசிபன்’ என்பது வடபுலத்திலிருந்து வந்த காசியபன் என்னும் பெயரின் தமிழ் வடிவம். அதன் முன்னே நிற்கும் ‘வெண்’ தூய தமிழ்ச் சொல். வந்த பெயரை வந்தவாறே வைத்துக்கொள்ளாமல், தம் நாவிற்கு ஏற்ப ஒலியைத் திருத்தி, தம் மொழியின் அடையையும் முன்னே சேர்த்துத் தமக்கு உரியதாக்கிக் கொண்டனர் தென்பாண்டி நாட்டார்.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் இம்முறை மாறவில்லை. புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல் குடைவரையைப் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், புதுப்பித்தவர் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன். கௌதமர் என்பது பகவான் மகாவீரரின் முதல் கணதரருடைய பெயர். அதன் முன்னே ‘இளம்’ என்னும் தமிழ் அடையைச் சேர்த்துத் தமிழ் ஆசிரியர் ஒருவரின் பெயர் அமைந்தது. வெண்காசிபன், இளங்கௌதமன் ஆகிய இரண்டையும் அருகருகே வைத்தால், அறம் எங்கிருந்து வந்தாலும் அழைக்கும் நா தமிழ் நாவே என்னும் முன்னோரின் உறுதி விளங்கும்.

துறவியரின் பெயர்களிலும் இதையே காண்கிறோம். அரிஷ்டநேமி கல்வெட்டில் அரிட்டநேமி ஆனார். ஆர்யநந்தி அச்சணந்தி ஆனார். வஜ்ரநந்தி வச்சிரநந்தி ஆனார். நன்னூல் தந்த பவணந்தி முனிவரின் பெயரும் அவ்வாறு தமிழ் ஓசை பெற்றதே. பொருளை இழக்காமல் ஓசையைத் தமக்காக்கிக் கொண்டமையால், உழவரும் குயவரும் தச்சரும் அப்பெயர்களைத் தடையின்றிச் சொல்ல முடிந்தது.

கழுகுமலையின் பெயர் வரிசை

கழுகுமலைத் திருமேனிகள் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் காலத்தையும் அதனை அடுத்த காலத்தையும் சார்ந்தவை. வரிசை வரிசையாக அமைந்த தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழே, அவற்றைச் செய்வித்தோரின் பெயர்கள் உள்ளன. குணசாகர பட்டாரர் போன்ற ஆசாரியர்களின் பெயர்கள் அங்கே உண்டு. மிழலூர்க் குரத்தியார், திருச்சாரணத்துக் குரத்தியார் எனப் பெண் ஆசாரியர்களின் பெயர்களும் உண்டு. கைத்தொழில் செய்து வாழ்ந்த இல்லறத்தாரும் அவ்வரிசையில் இடம்பெற்றுள்ளனர்.

இக்கல்வெட்டுகளில் ஒருவரை அறிமுகம் செய்யும் முறை கருதத்தக்கது. முதலில் ஊர், பின்னர் ஆசாரியர் அல்லது தந்தை, அதன் பின்னர் பெயர் என்னும் முறையே பெரிதும் காணப்படுகிறது. ஊரும் ஆசாரியரும் பெயரோடு ஒட்டி நின்றமையால் ஒருவர் தனியராக நிற்கவில்லை. தொலைவில் உள்ள திருச்சாரணத்து மலையிலிருந்து, அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறாலிலிருந்து, வந்தவர் இவர் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. தமிழர் இன்றும் தம் பெயரின் முன்னே ஊரின் முதலெழுத்தையும் தந்தை பெயரின் முதலெழுத்தையும் இட்டு எழுதுவர். அவ்வழக்கத்தை இப்பழைய முறையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒருவரின் பெயர் ஊராருக்குப் பயன்பட்டதும் உண்டு. மதுரையை அடுத்த சமணர் மலையில் கனகவீரப் பெரியடிகள் என்பவர் ஒரு திருமேனியைச் செய்வித்தார். அவர் குறண்டியைச் சேர்ந்த அட்டோபவாசி பட்டாரரின் மாணாக்கரான குணசேனதேவருக்கு மாணாக்கர். அத்திருமேனியை அவர் தம் பெயரால் செய்விக்கவில்லை. குயிற்குடி ஊரார் பெயரால் செய்வித்தார். அதே குயிற்குடி இன்று கீழக்குயில்குடி என வழங்குகிறது. ஒரு துறவி தம் புண்ணியத்தை ஓர் ஊருக்குப் பெயர் வழியே பகிர்ந்தளித்த நிகழ்ச்சி இது.

குணமே பெயர்

தென்னாட்டுச் சமணக் கல்வெட்டுகளைப் படிப்போர் மீண்டும் மீண்டும் காணும் சொல் ஒன்றுண்டு; அது ‘குணம்’. கழுகுமலையில் குணசாகரர். குறண்டி மரபில் குணசேனர். பழனிக்கு அருகே ஐவர்மலையில், சக ஆண்டு 792இல், அதாவது கி.பி. 870இல், பார்சுவநாதரையும் இயக்கியரையும் புதுப்பித்து 505 காணம் பொன் அளித்தவர் சாந்திவீரக் குரவர். அவருடைய ஆசாரியர் குணவீரக் குரவடிகள். பிற்காலத்தில் மயிலாப்பூர் நேமிநாதப் பெருமானின் பெயரால் ‘நேமிநாதம்’ என்னும் இலக்கண நூலை இயற்றியவரும் குணவீர பண்டிதரே.

இவ்வரிசையில் தலையாயதாகச் சொல்லத்தக்கது சிதறால் கல்வெட்டில் உள்ள ஒரு பெண்ணின் பெயர். ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், பேராயக்குடி அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கியர் ஒருவர் திருச்சாரணத்து மலைப் பட்டாரியாருக்குப் பொன் அளித்தார். அவர் பெயர் குணந்தாங்கிக் குரத்தியார். ‘குணந்தாங்கி’ என்றால் நற்குணத்தைத் தாங்குபவர் என்பது பொருள். விளக்கம் சொல்ல ஏட்டறிவு வேண்டாத பெயர் அது. நாளொன்றுக்குப் பன்முறை அப்பெயரால் அழைக்கப்பட்டவர், ஒவ்வொரு முறையும் தாம் தாங்க வேண்டியது எது என்பதைக் கேட்டிருப்பார்.

நோன்பும் பெயராயிற்று. எட்டு நாள் உண்ணாநோன்பைக் குறிக்கும் அட்டோபவாசம், மேற்சொன்ன குறண்டி ஆசாரியரின் பெயராக விளங்கியது. ஆற்காட்டை அடுத்த விளாப்பாக்கத்தில், முதற் பராந்தகச் சோழனின் 38ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 945இல், கிணறு ஒன்று அகழ்வித்தவர் பட்டினிக் குரத்தியார். வந்தவாசியை அடுத்த வேடலில், முதலாம் ஆதித்தனின் காலத்தில், கி.பி. 885 அளவில், 500 மாணாக்கியரோடு விளங்கியவர் கனகவீரக் குரத்தியார். சமணர் மலையில் கனகவீரர் என்பது ஆண் துறவியின் பெயராகவும், வேடலில் அதுவே பெண் ஆசாரியரின் பெயராகவும் நின்றது. வீரம் ஆணுக்கே உரியது என அம்மரபினர் எண்ணவில்லை. புலனை வெல்வது வீரம் எனில், அவ்வீரத்தை மகளுக்கும் பெயராக இடலாம் என்பது அவர்தம் துணிபு.

தாயின் பெயர்

தமிழகச் சமணக் கல்வெட்டுகளில் மிகுதியான இடங்களில் காணப்படும் பெயர்களுள் ஒன்று அச்சணந்தி. ஆனைமலை, ஐவர்மலை, அழகர்மலை முதலான பல குன்றுகளில் திருமேனி செய்வித்தவர் அவர். புளியங்குடிக்குத் தெற்கே, நாங்குநேரிப் பகுதியைச் சேர்ந்த ஏர்வாடியிலும் அவர் பெயர் உண்டு. ஊர்தோறும் நடந்து அறம் வளர்த்த அப்பெரியாரின் இளமை பற்றியோ இல்லம் பற்றியோ கல்வெட்டுகள் ஒன்றும் கூறவில்லை. ஒன்று மட்டும் எஞ்சியது. அது அவர் தாயின் பெயர்.

சமணர் மலையில் உள்ள ஒரு திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தியின் தாயார் குணமதியார் என அதன் கல்வெட்டு கூறுகிறது. துறவு பூண்ட மகன் வீட்டை நீங்கினான். உற்றார் தொடர்பை ஒழித்தான். ஆயினும் அவன் தாய் என்னும் உரிமையோடு அவ்வம்மையார் தம் பெயரைக் கல்லில் வெட்டுவித்தார். மலைகள்தோறும் மகனின் பெயர். ஒரு மலையில் தாயின் பெயர். குணமதி என்னும் பெயரை அவருக்கு இட்ட பெற்றோர் யாரோ அறியோம். அவர்கள் இட்ட பெயர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நின்று, ஒரு குலத்தின் தாய்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

புராணங்கள் காட்டும் முறை

தமிழ்ச் சமண இல்லங்களில் நெடுங்காலம் ஓதப்பட்டு வரும் ஸ்ரீபுராணமும், அதற்கு மூலமாகிய ஜினசேனர், குணபத்திரர் ஆகியோரின் மகாபுராணமும் பெயரிடுதல் பற்றிப் பல செய்திகளைக் கூறுகின்றன. முதல் தீர்த்தங்கரரை அன்னை மருதேவி கருவுற்றபோது கனவில் விருஷபத்தைக் கண்டார். ‘விருஷம்’ என்பது அறத்திற்கும் பெயர். கனவின் காட்சியும் அறத்தின் பொருளும் ஒன்றாய்ச் சேர விருஷபதேவர் என்னும் திருப்பெயர் அமைந்தது. அப்பெருமான் தம் மகளிரான பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்பது புராணச் செய்தி. மறுகால்தலையில் வெண்காசிபனின் பெயரைத் தாங்கி நிற்கும் எழுத்தைத் தமிழ் பிராமி என அழைப்போர், தாம் அறிந்தோ அறியாமலோ அம்மகளின் பெயரையே சொல்கின்றனர்.

பகவான் மகாவீரருக்கு வர்த்தமானர், வீரர், அதிவீரர், மகாவீரர், சன்மதி என ஐந்து திருப்பெயர்கள் வழங்குகின்றன. இவற்றுள் எல்லாம் பிறந்த அன்றே இடப்பட்டவை அல்ல. சஞ்சயர், விஜயர் என்னும் இரு சாரண முனிவர்கள் தம் ஐயம் அவரைக் கண்ட அளவிலே நீங்கியமையால் சன்மதி என்றனர். பாம்பு வடிவில் வந்து அச்சுறுத்திய சங்கமதேவன், அஞ்சாமையைக் கண்டு மகாவீரர் எனப் போற்றினான். பிறப்பில் பெற்றோர் இடுவது ஒரு பெயர். வாழ்வில் நடக்கையால் ஒருவர் ஈட்டுவது வேறொரு பெயர். ‘நல்ல பெயர் எடுத்தான்’ என்னும் நம் பேச்சு வழக்கில் இவ்விரண்டாவது பெயரே குறிக்கப்படுகிறது. முன்னதைப் பெற்றோர் கொடுக்கலாம். பின்னதைக் குழந்தையே ஈட்ட வேண்டும்.

திருத்தக்கதேவரின் சீவகசிந்தாமணியிலோ பெயர் வாழ்த்தாகப் பிறக்கிறது. அரசு இழந்து, நாடு இழந்து, சுடுகாட்டில் விசயை ஈன்ற மகவை வணிகன் கந்துக்கடன் கையில் எடுத்தபோது குழந்தை தும்மிற்று. அப்போது எழுந்த ‘சீவ’ என்னும் வாழ்த்தே சீவகன் என்னும் பெயராயிற்று. ‘வாழ்க’ என்பதைத் தவிரக் கொடுக்க ஒன்றுமில்லாத வேளையில், அந்த ஒரு சொல்லே அக்குழந்தையின் பெயராகவும் செல்வமாகவும் ஆனது.

கும்பத்தில் இட்ட ஓலைகள்

கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் ஜினசேனர் இயற்றிய ஆதிபுராணம், இல்லறத்தார் செய்ய வேண்டிய கிரியைகளைக் கருப்பம் முதலாக வரிசைப்படுத்திக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று நாமகருமம். குழந்தை பிறந்து 12 நாள்கள் கடந்தபின், குழந்தைக்கும் பெற்றோருக்கும் உகந்த நன்னாளில், தத்தம் செல்வ நிலைக்கேற்ப வழிபாடு செய்து, குலம் தழைக்கச் செய்யும் நற்பெயரை இட வேண்டும் என்பது அதன் விதி. ‘செல்வ நிலைக்கேற்ப’ என்பதை மறத்தல் கூடாது. கடன் வாங்கிப் பெருவிழா எடுக்க அந்நூல் சொல்லவில்லை.

பெயரைத் தெரிந்தெடுப்பதற்கு அந்நூல் கூறும் ஒரு முறை இன்றைய பெற்றோருக்கு வியப்பளிக்கக்கூடும். ஜினேந்திரருக்குரிய 1008 திருப்பெயர்களைத் தனித்தனி ஏட்டு நறுக்குகளில் எழுதிக் கும்பத்தில் இட்டு, அவற்றுள் ஒன்றை எடுத்து, அதனையே குழந்தைக்குச் சூட்டலாம் என்கிறது. அந்த 1008 திருப்பெயர்களை இந்திரன் துதித்த துதியாக ஆதிபுராணத்திலேயே ஜினசேனர் தந்துள்ளார்.

இம்முறையில் அமைந்த அறிவு ஆழ்ந்தது. எந்த நறுக்கு வந்தாலும் அது நற்பெயரே. ஆகவே ‘எழுத்தெண்ணிக்கை பிழைத்தது, கூட்டுத்தொகை ஆகாது’ என்னும் அச்சத்திற்கு இடமில்லை. செல்வர் வீட்டுக் குழந்தைக்கும் எளியோர் வீட்டுக் குழந்தைக்கும் கும்பம் ஒன்றே. ஆகவே ஏற்றத்தாழ்வுக்கு இடமில்லை. தந்தை வழியார், தாய் வழியார் என்னும் போட்டியும் அங்கே எழாது. குடும்பத்தில் பெயர் பற்றிப் பிணக்கு எழும் இடங்களில் ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள இம்முறையை மீண்டும் கைக்கொள்வதில் தடை ஒன்றும் இல்லை.

இடுகுறியும் காரணமும்

பெயர்களை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என நன்னூல் பகுக்கும். காரணம் இன்றி வழங்கி வருவது இடுகுறி. காரணம் பற்றி அமைவது காரணப் பெயர். மக்கட் பெயரை இப்பகுப்போடு ஒப்பிட்டு நோக்கின் ஓர் உண்மை புலப்படும். எந்தக் காரணப் பெயரும் பொருள் மறந்தபோது வெறும் இடுகுறியாகவே நின்றுவிடுகிறது. தருமசேனன் என்று அழைக்கப்படும் சிறுவனுக்கு அதன் பொருளை ஒருவரும் சொல்லாவிடின், அப்பெயருக்கும் பொருளற்ற ஓசைக்கும் வேறுபாடில்லை. பெயரை இடுவதோடு பெற்றோரின் கடமை முடிவதில்லை. பொருளைச் சொல்லிக் கொடுப்பதில்தான் அது நிறைவெய்துகிறது.

வடதமிழகத்துச் சமண ஊர்களில் இக்கடமை இயல்பாகவே நிறைவேறி வந்தது. திருநறுங்கொண்டைப் பார்சுவநாதப் பெருமான் அப்பாண்டைநாதர் என வழங்கப்படுகிறார். அப்பாண்டைராஜன் என்னும் பெயரைத் தமிழ்ச் சமணரிடையே அன்றி வேறெங்கும் காண்பது அரிது. அப்பெயரைத் தாங்கிய சிறுவன் ஆண்டுதோறும் அம்மலைக்கு அழைத்துச் செல்லப்பட்டான். தன் பெயருக்குரியவரைக் கண்ணாரக் கண்டான். சங்கரன்கோவில் ஊர்களில் கோமதி என்னும் சிறுமி ஆடித் தபசுக்குச் செல்வது போன்றதே இதுவும். ஜினதாஸ், ஆதிநாதன், தரணேந்திரன், பாகுபலி, ஜம்புகுமாரன், பத்மாவதி, மருதேவி, அனந்தமதி, ராஜமதி, ஜினமதி ஆகிய பெயர்கள் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு வரலாறு இருந்தது. அதை மாலை வேளையில் சொல்லப் பாட்டியும் இருந்தார்.

மேல்சித்தாமூர் ஜினகாஞ்சி மடத்துத் தலைவர்கள் வழிவழியாக லட்சுமிசேன பட்டாரகர் என்னும் ஒரே திருப்பெயரைத் தாங்கி வருகின்றனர். ஆள் மாறினும் பெயர் மாறாமையால் மரபின் தொடர்ச்சி காக்கப்படுகிறது. குடும்பத்திலும் பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தின் உட்கருத்து இதுவே. தமிழில் ‘பேரன்’, ‘பேர்த்தி’ என்னும் சொற்களையே பெயரைத் தாங்குவோர் என்னும் பொருளோடு சேர்த்துக் காண்பதுண்டு.

இன்றைய நிலை

இக்காலத்துப் பெற்றோர்க்கு வேறுவகைத் தேவைகள் உள்ளன. குழந்தை வெளிநாட்டில் படிக்கக்கூடும். பெயர் சுருக்கமாக இருத்தல் நன்று. ஆங்கில எழுத்தில் எழுதும்போது சிதையாதிருத்தல் வேண்டும். இவை நேர்மையான கவலைகள். இவற்றைக் குறை கூறுதல் தகாது. ஆயினும் சுருக்கம் கருதிப் பொருளை விடுவதும், புதுமை கருதி வீட்டுப் பாட்டியாரின் நாவில் நில்லாத ஓசைகளை அடுக்குவதும் பெருகிவிட்டன. வெண்காசிபனின் காலத்தார் பிறபுலப் பெயரைத் தமிழ் நாவிற்கு ஏற்பத் திருத்தினர். இன்றோ தமிழ் நாவையே திருத்த முயல்கின்றனர். அழைக்க முடியாத பெயருக்குப் பதிலாக வீட்டில் வேறொரு செல்லப் பெயர் வழங்குகிறது. இட்ட பெயர் சான்றிதழில் மட்டும் உறங்குகிறது.

இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. தமிழ்ச் சமணர் எண்ணிக்கையில் சிறியவர். மொழியாலும் உடையாலும் உணவாலும் ஏனைய தமிழரோடு ஒன்றியவர். பள்ளியிலோ அலுவலகத்திலோ ‘சமணர் எனில் வடநாட்டாரோ?’ என்னும் வினாவை எதிர்கொள்ளாதவர் குறைவு. இத்தகைய நிலையில், இவர் தமிழர், இவர் சமணர் என இரண்டையும் ஒருசேரச் சொல்ல வல்லவை அப்பாண்டைராஜன், ஜினமதி போன்ற பெயர்களே. 2014இல் சமணர் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். பெயரோடு ‘ஜெயின்’ எனச் சேர்த்து எழுதுவோரும் உளர். அது சமயத்தைச் சொல்லும். தமிழ் மரபைச் சொல்லாது. ‘நயினார்’ என்னும் பழைய சிறப்புப் பெயரைத் தாங்கியோர் இரண்டையும் சொல்லினர். திருக்குறளையும் நீலகேசியையும் உலகறியச் செய்த பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினாரின் பெயரே அதற்குச் சான்று.

அவசரமும் வேண்டியதில்லை. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, பிறப்பை 21 நாள்களுக்குள் அறிவித்தல் வேண்டும். ஆனால் பெயரின்றியும் பிறப்பைப் பதியலாம். 12 மாதங்களுக்குள் கட்டணம் இன்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதன் பின்னரும் தாமதக் கட்டணம் செலுத்தி, 15 ஆண்டுகள் வரை சேர்க்க வழியுண்டு. மருத்துவமனையில் படிவம் நீட்டப்பட்ட வேளையில் தோன்றிய ஏதோ ஒன்றை எழுதிவிடாமல், வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டு, புராணத்தைப் புரட்டி, ஜினாலயத்தில் வழிபட்டு, ஆய்ந்து பெயரிடக் காலம் உண்டு.

பெயரிட விழைவோர் சிலவற்றை உளங்கொள்ளலாம். பெயரைப் பாட்டியும் பேர்த்தியும் ஒருபோலச் சொல்ல முடிதல் வேண்டும். அதன் பொருளைப் பெற்றோர் ஒரு வாக்கியத்தில் குழந்தைக்குச் சொல்ல வல்லவராதல் வேண்டும். சுருக்கம் வேண்டுவோர்க்கும் நேமி, குணமதி, சன்மதி, பிராமி, சுமதி, வீரன் எனச் சிறிய பெயர்கள் மரபிலேயே உள்ளன. இவற்றை இட்டால் புதுமையும் குறையாது, பழமையும் அறாது. எல்லாவற்றிற்கும் மேலாக, அப்பெயருக்குரிய வரலாற்றைக் குழந்தை கேட்டு வளரும்படி செய்தல் வேண்டும்.

கழுகுமலைச் சரிவில் வெயிலும் மழையும் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக விழுகின்றன. சில எழுத்துகள் தேய்ந்தன. பல இன்னும் படிக்கத்தக்கனவாய் உள்ளன. அவ்வூர்களில் வாழ்ந்த சிராவகரும் சிராவகியரும் எங்குச் சென்றனர் என்பதைக் கல் சொல்லவில்லை. அவர்கள் தம் மக்களுக்கு எத்தகைய பெயர்களை இட்டனர் என்பதை மட்டும் சொல்கிறது. தென்பாண்டி நாட்டில் கல் காத்த அப்பெயர்களை வடபால் வாழும் இல்லங்கள் குழந்தைகளில் காத்தல் வேண்டும். எங்கோ ஒரு வீட்டில் இவ்வாண்டு பிறக்கும் பெண் மகவுக்குக் குணமதி எனப் பெயரிட்டு, அச்சணந்தி அடிகளின் தாயார் பெயர் அது எனச் சொல்லி வளர்ப்பாராயின், சமணர் மலையில் அவ்வம்மையார் செய்வித்த திருமேனிக்கு அதுவே சிறந்த வழிபாடாகும்.

அறம் வளர்க.